பச்சை பார்க்கப் போன வட்டவிதானை

"அதத்தான் நான் கேக்கிறன் தங்கச்சி. கசாயம் தந்தா குடிக்கலாம், குளிசை தந்தா விழுங்கலாம். 'பச்சையப் பாருங்க' எண்டு டொக்டர் சொன்னா, அத எப்ப பாக்கிற, எத்தினை தரம் பாக்கிற, சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா? துண்டில ஒண்டும் எழுதித் தரல்ல. இருவத்திரெண்டு வருசம் இந்தப் பச்சைக்குள்ளதான் நான் கிடந்தன். பச்சை பாத்துச் சுகம் வாற எண்டா இந்தக் கல்முனைப் பக்கத்தில முதல்ல எனக்குத்தானே வந்திரிக்க வேணும்? இருங்க, இருங்க. நிழலுக்கு வந்தா இருக்கத்தான் வேணும். இந்த மருதமரம் என்ட வாப்பாட முதுசமா?"

கேதீஸ்வரி இருந்தாள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கத்து வரம்பிலே, மண்வெட்டிப் பிடியைத் தோளிற் சாய்த்துக்கொண்டு இருந்தாள். அவள் நற்பிட்டிமுனையைச் சேர்ந்தவள்; ஐம்பது வயதை அண்மித்தவள்; இந்தச் சிறுபோகத்துக்குத்தான் முதன்முதலாக இந்த வயற்கண்டத்தில் இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். பயிர் குடலைப் பருவத்தில் நின்றது. கச்சான் காற்றோ அடுப்படிக் காற்றாய் வீசிக்கொண்டிருந்தது. மூன்று நாளாக அவளது கிளை வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. இன்றும் வராவிட்டால், வயிற்றில் கதிரைச் சுமந்து நிற்கும் பயிர் பதரைத்தான் பெறும்.

வட்டவிதானை இன்ஸாபுக்கு அவள் விடியற்காலையிலேயே தொலைபேசி எடுத்துவிட்டாள். யாருடைய வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது அவனுடைய பொறுப்பு. "மருதமரத்தடியில நில்லுங்க அக்கா, வாறன்" என்றான். அவள் காய்ந்த வாய்க்காலின் வழியே மரத்தடி வரை நடந்து வந்தாள். தண்ணீருக்குப் பதிலாக இந்த மனிதர்தான் வாய்த்தார். வரம்பில் அமர்ந்திருந்தவர், "வெயிலா தங்கச்சி?" என்று கேட்க, அவள் "ஓம்" என்று சொன்னாள். அன்று காலையில் அவள் செய்த பிழை அந்த ஒரு சொல்தான்.

"நான் அபுல் ஹஸன். உங்களுக்குத் தெரியாது போல. ஊருக்குப் புதிசா? சரி, புதிசுதான் நல்லம். பழைய ஆக்கள் என்னக் கண்டா சைக்கிளத் திருப்பிக்குப் போயிருவானுகள். நான்தான் இந்தக் கண்டத்துக்கு இருவத்திரெண்டு வருசம் வட்டவிதானையா இருந்த. எந்த வரம்பில எந்த வக்கடை, எத எப்ப வெட்டித் தண்ணி விடுற, எத எப்ப மண் போட்டுக் கட்டுற, எல்லாம் என்ட தலைக்குள்ள. கொப்பி கிடையாது. போன வருசம் கூட்டம் வச்சி கையத் தூக்கினாங்க. ஆருக்கு? இன்ஸாபுக்கு. முப்பத்தொரு வயசு. அந்தப் புள்ளையில நான் பிழை சொல்லமாட்டன். சொல்றதுக்கு ஒண்டும் கிடைக்கல்ல, அதுதான் என்ட கரைச்சல். எத்தினை நாள் தேடினன் தெரியுமா? ஒண்டு கிடைச்சிருந்தாலும் இண்டைக்கு எனக்கு இந்த நோய் இல்ல.

"கைய முதல்ல தூக்கினவன் நஸீம். அது வேற கதை. மறுகா சொல்றன்.

"வேலையில்லாத மனிசன் ஊட்டுக்குள்ள இருந்தா என்ன செய்வான்? எங்கட ஊட்டில நாலு பைப்பு. முறை போட்டன். சுபஹுக்குப் பொறகு குசினி. ஏழு மணியில இருந்து ஏழரை மட்டும் மருமகன் குளிக்கிற. மறுகா மகள் றிப்னா உடுப்புக் கழுவுற. துண்டில எழுதிக் குசினிக் கதவில ஒட்டினன். மருமகன் தலை நிறையச் சவுக்காரத்தோட நிக்கக்குள்ள ஏழரை ஆயிட்டு. நான் வால்வப் பூட்டிட்டன். முறை எண்டா முறைதானே. கண்ணைப் பொத்திக்கு அவர் வெளிய வந்து நிண்ட நிலை இரிக்கே… ஒரு சொல்லு ஏசல்ல. நல்ல மனிசன். ஏசியிருந்தா எனக்கு லேசா இருந்திரிக்கும். ஊடு மகளுக்குக் கொடுத்த ஊடு. சீதனமாக் கொடுத்த ஊட்டில கொடுத்தவன் விருந்தாளி எண்டு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சது மண்டைக்கு, கைக்குத் தெரியல்ல.

"மறுகா நித்திரை போச்சு. படுத்தாத் தண்ணிச் சத்தம். எங்கயோ ஒரு வக்கடை தொறந்து கிடக்கிற மாதிரி, ஆரோ களவா எடுக்கிற மாதிரி. நெஞ்சு படபட எண்டு அடிக்கும். ஒழும்பி ஊட்டச் சுத்தி வருவன். நாலு பைப்பும் பூட்டித்தான் கிடக்கும். றஹீமா, என்ட ஊட்டுக்காரி, மூணு மாசம் பொறுத்தா. நாலாம் மாசம் என்னக் கூட்டிக்கு கிளினிக்குக்குப் போய் டொக்டருக்கு முன்னால நிண்டு சொன்னா: 'இவர இஞ்ச வச்சிருங்க. இடமில்லாட்டி என்னையாவது வச்சிருங்க.'"

கேதீஸ்வரி பாதையைப் பார்த்தாள். இன்ஸாபின் மோட்டார் சைக்கிள் வரும் வழி புழுதி கூட எழும்பாமற் கிடந்தது. கையிலிருந்த தொலைபேசியை ஒருதரம் திறந்து மூடினாள்.

"பாருங்க, நீங்களும் போனத்தான் பாக்கிறீங்க. டொக்டர் அதத்தான் முதல்ல ஊட்டில வைக்கச் சொன்னாவு. சின்னப் புள்ளை, என்ட மகள்ற வயசு. மருந்து எழுதல்ல. 'விடிய ஒழும்பி அரை மணித்தியாலம் பச்சையான இடத்தில போய் இருங்க' எண்டாவு. 'செருப்பக் கழட்டி வைங்க. கண்ணுக்கு அஞ்சு சாமான் பாருங்க. காதுக்கு நாலு சத்தம் கேளுங்க. மண்ணு, காத்து, குருவி, எது எப்பிடி இரிக்கோ அப்பிடியே இருக்க விடுங்க. எதையும் திருத்தப் போவாதீங்க.' நான் கேட்டன், 'ஒண்டையுமா?' எண்டு. 'ஒண்டையும்' எண்டாவு. பயத்தில எனக்கு அங்கயே பிறசர் ஏறிட்டு.

"கெட்டிக்காரன்தானே நான், யோசிச்சன். திருத்துறதுக்கு ஒண்டும் இல்லாத இடம் எது? கடல். கடலுக்கு வரம்பும் இல்ல, வக்கடையும் இல்ல. போனன். செருப்பக் கழட்டினன். முதல் நாள் நல்லாத்தான் போச்சு. அலை வந்து காலில படக்குள்ள, உண்மையச் சொல்றன், நெஞ்சுக்குள்ள ஏதோ இறங்கின மாதிரி இருந்திச்சு. ரெண்டாம் நாள் கரைவலை இழுத்துக்கு நிண்டானுகள். நான் பாத்துக்கு இருந்தன். பாத்துக்குத்தான் இருந்தன். கயிறு புடிக்கிறவனுகள்ற கால் வைப்புப் பிழை, தங்கச்சி. மணலுக்குள்ள குதிய வச்சிச் சாயோணும். இவனுகள் விரல்ல நிக்கானுகள். நான் ஒரேயொரு சொல்லுத்தான் சொன்னன். 'அப்ப, காக்கா, நீங்க புடிச்சுக் காட்டுங்க' எண்டு கயித்தத் தந்தானுகள். புடிச்சன். மூணு நாள் இடுப்பு நிமிரல்ல. இயற்கைக்குப் பக்கத்தில கிடவுங்க எண்டு டொக்டர் சொன்னா. நான் கிடந்தது பாயில, தைலப் போத்திலுக்குப் பக்கத்தில.

"கிளினிக்குக்குத் திரும்பப் போனா வெக்கம். அப்பதான் றஹீமா கேட்டா, 'உங்களுக்குப் பழகின பச்சை வயல்தானே, அங்க போனா என்ன?' எண்டு. அவ நல்லதுக்குத்தான் சொன்னா. ஆனா குடிகாரனச் சாராயக் கடைக்குக் காவலுக்கு வச்ச மாதிரித்தான் அது, ஹறாமான உதாரணம், படச்சவன் மன்னிக்கட்டும்.

"வந்தன். இதே மரத்தடி. செருப்பக் கழட்டி வச்சிட்டு அஞ்சு சாமான் பாக்கத் தொடங்கினன். முதலாவது, கொக்கு. வெள்ளைக் கொக்கு, பச்சையில நிண்டா அழகுதான். ஆனா கொக்கு ஏன் வரம்பில நிக்குது? நண்டு இரிக்கி. நண்டு இருந்தாப் பொந்து இரிக்கி. பொந்து இருந்தா அந்த வரம்பால ராவோட ராவாத் தண்ணி களவு போகுது. கொக்கப் பாத்து எனக்கு வேர்த்திட்டு. ரெண்டாவது, நெல்லு. அங்க பாருங்க, அந்த மூணாவது வயல், கரும்பச்சை. கண்ணுக்குக் குளிர்ச்சி எண்டு ஆரும் சொல்லுவாங்க. எனக்குத் தெரியிறது யூரியா. அள்ளிக் கொட்டியிருக்கான். இன்னும் பத்து நாளில தத்திப் பூச்சி இறங்கும். மூணாவது, ஆர்ரயோ வரம்பு, கோணலா அடுத்தவன்ட வயலுக்குள்ள காலை நீட்டிக்குக் கிடக்கு. அதோட பாக்கிறத உட்டுட்டன். கண்ண மூடினன். சத்தத்துக்கு வந்தன்.

"மயில் ஒண்டு கூவிச்சு. அதில நான் செய்யிறதுக்கு ஒண்டும் இல்ல, அல்ஹம்துலில்லாஹ். கச்சான், மருதமரத்து இலை. அதுவும் சரி. ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் இருக்கும்… என்ட புள்ளைக்குச் சொன்னா நம்பமாட்டா, நான் சும்மா இருந்தன். கையில ஒரு வேலையும் இல்ல, வாயில ஒரு சொல்லும் இல்ல. இதுதானா அது எண்டு நினைச்சன். அப்ப கேட்டிச்சு மூணாவது சத்தம். தண்ணி."

அவர் நிறுத்தினார். கேதீஸ்வரி அதுவரை பாதையில் வைத்திருந்த கண்ணைத் திருப்பி அவரைப் பார்த்தாள். தண்ணீர் என்ற சொல்லுக்கு அன்று அவளிடம் இருந்த பசி அப்படிப்பட்டது.

"முதல்ல நினைச்சன், என்ட வருத்தத்துச் சத்தம்தான் எண்டு. கண்ணத் தொறந்தும் கேக்குது. நிசத் தண்ணி. அந்த வளைவில ஆளுயரப் புல்லு, பன்பற்றை, தெரியுதா? அதுக்கு அங்கால ஒரு வக்கடை. பெரிய வாய்க்காலில இருந்து நஸீமிட வயலுக்குப் போற கிளைக்கு வாய் அது. எட்டிப் பாத்தன். ஞாயித்துக்கிழமை விடிய. தொறந்து கிடக்கு. கலகல எண்டு போகுது.

"ஞாயித்துக்கிழமை நஸீமிட முறை இல்ல தங்கச்சி. அவனுக்கு வியாழன். இருவத்திரெண்டு வருசமா வியாழன். இப்பதான் அவன்ட கதை சொல்றன், கேளுங்க. மகள்ற கலியாணத்துக்கு அவன்ட வாசலில பந்தல்கால் நட்டவன் நான். அந்தக் கூட்டத்தில, 'பழையவரே இருக்கட்டுமா, புதிசா ஒராளப் போடுவமா?' எண்டு தலைவர் கேட்டு வாய மூடல்ல, நஸீமிட கை மேல. மத்தவனுகள் ஒராள ஒராள் பாத்துத் தூக்கினானுகள். இவன் ஆரையும் பாக்கல்ல. அந்தக் கை என்ட கண்ணுக்குள்ள கிடக்கு. இப்ப அந்தக் கைதான் முறையில்லாத நாளில வக்கடையத் தொறந்திரிக்கி எண்டு கண்டா, மனிசனுக்கு எப்பிடி இருக்கும்?

"'எதையும் திருத்தப் போவாதீங்க.' டொக்டர்ர சொல்ல ஓதிக்கு மரத்தடிக்குத் திரும்பி வந்தன். இருந்தன். கால் ஒழும்பிட்டு. திரும்ப வந்தன். கால் அந்தப் பக்கம் கிறுகிட்டு. மூணாந்தரம் நான் ஒண்டும் செய்யல்ல, கைதான் செய்திச்சு. களிமண்ண அள்ளி, வைக்கோலப் புரியா முறுக்கி, மேல ஒரு கல்லத் தூக்கி வச்சி… அறுவத்தெட்டு வயசில அந்தக் கல்ல நான் எப்பிடித் தூக்கின எண்டு எனக்கே தெரியாது. தண்ணி நிண்டிச்சு. அந்த அமைதி இரிக்கே தங்கச்சி, பள்ளிவாசலுக்குள்ள கூட எனக்கு அப்பிடி வாய்க்கல்ல.

"அண்டைக்கு இஷாத் தொழுதிட்டுப் படுத்தவன் சுபஹு பாங்குக்குத்தான் ஒழும்பின. றஹீமா மூக்கில கை வச்சுப் பாத்தாவாம், மூச்சு இரிக்கா எண்டு. திங்கள் நித்திரை. செவ்வாய் நித்திரை. இண்டைக்குப் புதன், மூணு ராவு புள்ளை மாதிரி உறங்கியிருக்கன். குசினிக் கதவில ஒட்டின துண்டையும் நானே கிழிச்சிட்டன். மருமகன் காலையில முக்கால் மணித்தியாலம் குளிச்சார், நான் தேத்தண்ணி குடிச்சிக்கு இருந்தன். பச்சை வேலை செய்யுது எண்டு டொக்டருக்குச் சொல்லப் போறன். எந்தப் பச்சை எண்டு மட்டும் சொல்லமாட்டன்.

"என்ன தங்கச்சி, ஒழும்பிட்டீங்க? நான் கதைச்சாக் கதைச்சுக்குத்தான் இருப்பன், அது ஊருக்கே தெரியும். நீங்க மம்பெட்டியோட வந்த விசயத்தக் கேக்கவேயில்ல பாருங்க. ஆரப் பாத்துக்கு நிக்கீங்க? உங்கட வயல் எது?"

கேதீஸ்வரி வாய்க்காலின் பக்கம் திரும்பினாள். மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கி, அதன் பிடியை நீட்டிக் காட்டினாள். காய்ந்த வாய்க்காலின் அந்தத் தலைப்பில், அடிவரம்பிலிருந்து மேல்வரம்பு வரைக்கும் மஞ்சள் ஏறிய இரண்டு ஏக்கர் கிடந்தது. இலைகள் நடுப்பகலுக்கு முன்பே சுருண்டு, பிரப்பங்குச்சிகள் போல் நின்றன.

"அது நஸீமிட வயல்," என்றார் அபுல் ஹஸன்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாளோ, மெதுவாகத்தான் சொன்னாள்.

"குத்தகைக்கா… இந்தப் போகத்துக்கா? அப்ப நஸீம்… செய்யல்லயா இம்முறை. இடுப்பு வருத்தமா அவனுக்கு. எனக்கு ஆரும் சொல்லல்ல. சரி, ஆனா ஞாயிறு… ஞாயித்துக்கிழமையில இருந்து புதன் மட்டும் உங்கட முறையா? ஆரு மாத்தின? இன்ஸாபா. எப்ப? வட்ஸ்அப் குறூப்பில போட்டானா…

"குறூப்பில நான் இல்ல தங்கச்சி. கூட்டம் முடிஞ்ச அண்டைக்கே வெளியேறிட்டன். 'அபுல் ஹஸன் வெளியேறினார்' எண்டு எல்லார்ர போனிலயும் விழுமே. விழட்டும், ஒருத்தராவது 'ஏன் காக்கா' எண்டு கேப்பாங்க எண்டுதான் வெளியேறின. போனக் கையில வச்சிக்கு ரெண்டு நாள் இருந்தன். ஒருத்தரும் கேக்கல்ல."

கச்சான் ஒரு தரம் மரத்தை உலுப்பிவிட்டுப் போயிற்று. அவர் தமது இரு கைகளையும் விரித்து, யாருடைய கைகளோ என்பது போலப் பார்த்தார்.

"நுணலும் தன் வாயால கெடும் எண்டுற. தவளைக்கு வாய் மட்டும்தான். எனக்குக் கையுமெல்லா இரிக்கி. குடலையில நிக்குதா பயிர்? ஓம், தெரியுது, கேட்டிரிக்கத் தேவல்ல. இருவத்திரெண்டு வருசத்தில குடலைப் பயிருக்குத் தண்ணியக் கட்டினவன் ஒருத்தனும் இந்தக் கண்டத்தில இல்ல. களவெடுத்தவன் இரிக்கான், அடிபட்டவன் இரிக்கான். இதச் செய்தவன் இல்ல. முதலாவது ஆள் நான்தான். மூணு நாளா நான் உறங்கின நித்திரை உங்கட பயிர்ர தண்ணி, புள்ள. அந்த மம்பெட்டியத் தாங்க."

அவள் உடனே கொடுக்கவில்லை. எந்தக் கை கட்டியது என்று தெரிந்த பிறகு, அதே கையில் மண்வெட்டியை வைப்பதா என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. மூன்று நாட் கோபத்தையும் ஏசித் தீர்க்க வேண்டும் போலிருந்தது. பிறகு வயலைத் திரும்பிப் பார்த்தாள். ஏசி முடிக்கும் நேரத்துக்குள் தண்ணீர் பத்து முழம் ஓடிவிடும் என்று அவளது விவசாய மனம் கணக்கிட்டது. பிடியை அவர் பக்கம் நீட்டினாள்.

அபுல் ஹஸன் செருப்பைக் கழற்றி, மரத்தடியோரக் காய்ந்த வாய்க்காலின் அடியிலேயே வைத்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பன்பற்றைக்குள் இறங்கினார். அவளும் பின்னாலே போனாள். கல்லை முதலில் உருட்ட வேண்டியிருந்தது. தூக்கி வைத்த ஞாயிற்றுக்கிழமை இல்லாத பாரம் அந்தக் கல்லுக்குப் புதன்கிழமை வந்திருந்தது. முழங்கால் வரை சேற்றில் புதைய நின்று, தோளைக் கொடுத்து உருட்டினார். வைக்கோல் புரியை இழுத்தெறிந்தார். மண்வெட்டி நான்கு வெட்டு விழுந்ததும் பெரிய வாய்க்கால் தன் எடையை அந்த வாய்க்குள் சாய்த்தது. முதலில் கலங்கலாக, பின்பு தெளிவாக, தண்ணீர் காய்ந்த கிளைக்குள் புகுந்து, வெடிப்பு வெடிப்பாக நின்று குடித்துக்கொண்டே நடந்தது.

அவர் அப்படியே நின்றார். இரண்டு கையையும் மண்வெட்டிப் பிடியில் ஊன்றி, தண்ணீரின் தலைப்பு எங்கே போகிறது என்று பார்த்தபடி நின்றார். கெண்டைக்காலில் தண்ணீர் மோதிப் பிரிந்தது. ஒரு தவளை அவரது முழங்காலுக்குப் பக்கத்தில் வந்திருந்து, போய்விட்டது. கொக்கொன்று நண்டுப் பொந்தருகே இறங்கியது. அடுத்த பேச்சு எப்போது தொடங்கும் என்று கேதீஸ்வரி காத்துக்கொண்டிருந்தாள். அது தொடங்கவில்லை. அந்த மனிதருக்குப் பின்னால் இவ்வளவு குருவிச் சத்தம் இருந்ததை அவள் அப்போதுதான் கேட்டாள்.

மோட்டார் சைக்கிளொன்று வந்து மருதமரத்தடியில் நின்றது. இன்ஸாப் ஓடிவந்தான். ஓடுகிற தண்ணீரையும், ஒதுங்கிக் கிடந்த கல்லையும், சேற்றில் மண்வெட்டியோடு நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாமா, நீங்களா கண்டுபுடிச்ச? ரெண்டு நாளா நான் மண்டைய ஒடச்சிக்கு நிக்கிறன், துருசத் தொறந்து பெரிய வாய்க்காலுக்குத் தண்ணி விட்டன்தானே, இந்த அக்காக்கு ஏன் தண்ணி போகல்ல எண்டு. ஆரோ வேணுமெண்டு கட்டியிரிக்கான். பழைய கை பழைய கைதான். நில்லுங்க மாமா, இப்பிடியே நில்லுங்க. ஒரு போட்டோ எடுத்துக் குறூப்பில போடுறன். எல்லாரும் பாக்கட்டும்."

தொலைபேசி உயர்ந்தது. ஒரு வருடமாக அந்தக் கண்டத்தில் எவரும் அவரைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. சேறு வடியும் முகத்தில் ஒரு பளபளப்பு வந்து, நெற்றியில் ஏறி நின்றதைக் கேதீஸ்வரி கண்டாள். நஸீமிடமும் அந்தப் படம் போகும். கை தூக்கிய அத்தனை பேரிடமும் போகும். அவர் அவளைப் பார்த்தார். அவள் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ஓடுகிற தண்ணீரின் தலைப்பைப் பார்த்தபடி நின்றாள்.

"போடு மகன்," என்றார் அபுல் ஹஸன். "கட்டினவனும் நான்தான் எண்டு எழுதிப் போடு. நான் குறூப்பில இல்ல. என்னத் திரும்பச் சேத்திட்டுப் போடு, நானும் பாக்கோணும்."

இன்ஸாபின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அபுல் ஹஸன் குனிந்து, வக்கடையின் ஓரத்தில் சரிந்த மண்ணைக் கையால் அள்ளி ஒதுக்கத் தொடங்கினார்.

கேதீஸ்வரி தண்ணீரோடு கூடவே தன் வயலை நோக்கி நடந்தாள். மரத்தடிக்கு வந்தபோது, அவர் கழற்றி வைத்த இடத்தில் தண்ணீர் ஏறி, செருப்பு இரண்டும் மிதந்து புறப்பட்டுவிட்டிருந்தன. அவள் இறங்கி இரண்டையும் பிடித்து, உதறி, மருதமரத்தின் வேரில் வெயில் படும் பக்கமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள்.